கறுப்புக்குப் பஞ்சமான ஊர்

வெண்பாத்தியில் வெள்ளைக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. ஊரைச் சுற்றி உப்பளம். பாத்தியில் உப்பு, பாதையில் உப்பு, கதவுத் தாழ்ப்பாளில் உப்பு, கொடியில் காய்ந்த வேட்டியை உதறினால் அதிலிருந்தும் உப்பு. பகலில் ஒருவர் கண்ணை முழுதாகத் திறந்து வைத்திருந்தால் அவர் வெளியூர்க்காரர் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். பஞ்சமெல்லாம் கறுப்புக்குத்தான். புதிதாக வாங்கிய குடை அடுத்த கோடைக்குள் சாம்பலாகிவிடும், கறுப்பு ஆடு வாங்கியவன் அது குட்டி போடுவதற்குள் பழுப்பு ஆட்டுக்குச் சொந்தக்காரனாகிவிடுவான், பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைச் சுண்ணாம்புச் சுவரிலிருந்து பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் பக்கத்தில் போகவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் கறுப்பைத் தேடியே காலத்தைக் கழித்த மனிதர் ஒருவர் இருந்தார். மாதா கோயில் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த இன்னாசி.

இன்னாசியைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இரண்டு. ஒன்று, ஒரு படத்தைக் கையில் கொடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், தலைமுடியைப் பார்ப்பார்; முடி கறுப்பாக விழுந்திருந்தால்தான் அவருக்கு அது படம், இல்லாவிட்டால் தாள். இன்னொன்று, அவர் எதையும் மறப்பதில்லை. மற்றவர்கள் மனதில் கோபம் பால் மாதிரி, காலையில் பொங்கி மாலையில் திரிந்துபோகும். அவர் மனதில் அது கருவாடு மாதிரி, நாளாக ஆக ருசி ஏறும். தன் வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தவர், தன் அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் கொட்டாவி விட்டவர், கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்பியவர் என்று எல்லோருக்கும் அந்த மனதில் தனித்தனிப் பாத்தி உண்டு. அதில் எல்லாவற்றிலும் பெரிய பாத்தி, மனைவி ரெஜினாவின் தம்பி கஸ்பாருக்கு உரியது.

அது இன்னாசியின் கல்யாணத்தன்று வெட்டிய பாத்தி. தன் கல்யாணப் படத்தை வேறொருவன் எடுப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கோயில் வாசலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, கேமராவை முக்காலியில் ஏற்றி, தானே விசையைத் தட்டிவிட்டு, கோட்டும் சூட்டுமாக ஓடிவந்து பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றார். ஃபிலிம் சுருளில் அதுதான் கடைசிப் படம். கழுவிப் பார்த்தால் பங்குச்சாமி நன்றாக விழுந்திருந்தார், மாமியார் விழுந்திருந்தார், குறுக்கே வந்த நாய்கூட நன்றாக விழுந்திருந்தது. கஸ்பார் மட்டும் இரண்டு கண்ணையும் இறுக மூடி, வாயைக் கோணிக்கொண்டு நின்றான். அக்காளைக் கட்டிக்கொடுத்தது பிடிக்காமல் வேண்டுமென்றே மூடினான் என்று இன்னாசி தீர்மானித்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த தம்பி வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவே ரெஜினா குழம்பைக் கொண்டுபோனாள், துணிமணி கொண்டுபோனாள், சொல்லை மட்டும் கொண்டுபோகவில்லை, ஏனென்றால் யாரும் கொடுத்தனுப்பவில்லை.

இன்னாசி, ரெஜினாவின் ஒரே மகள் ஜெசிந்தா சென்னையில் வேலை பார்த்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஃபோனில் சொன்னாள்.

"அப்பா, ஆல்பம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. இங்க இப்ப அதுதான் எல்லாரும் கேக்காங்க. படம் என் ஃப்ரெண்டு எடுப்பா. பிரிண்ட் நீங்கதான் போடணும்."

"நான் இருட்டறைய மூடி அதுல வெங்காயம் போட்டு வச்சிருக்கேன்."

"வெங்காயம் அங்கேயே இருக்கட்டும். கம்ப்யூட்டர்லேருந்து படம் அடிக்குத மிஷின் வருது."

மிஷின் வந்தது. இன்னாசி அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த நீல நாடாக்களை ஒவ்வொன்றாக உரித்து, ஆறு தொட்டிகளிலும் மை ஊற்றி, அது உறுமி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு நாசில் செக் போட்டார். மை வரும் துளைகள் ஊசிமுனையைவிடச் சின்னவை; அவை அடைத்திருக்கின்றனவா என்று காட்ட மிஷின் ஒரு தாளில் மெல்லிய கோடுகளை ஏணிப்படி மாதிரி போடும்; படி எங்காவது விட்டுப்போயிருந்தால் அந்தத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் தினமும் ஒரு தாளாவது ஓட்டாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். கோடுகள் சரியாக விழுந்தன. கறுப்பு வெள்ளைப் படம்தான் சரியாக விழவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் பாசி, ட்யூப்லைட்டில் பார்த்தால் பீட்ரூட்.

"கலர் மையைக் கலந்து கறுப்பாக்கப் பாக்குதுப்பா," என்றாள் மகள். வேறு மை அனுப்பினாள். ஒன்று கறுப்பு, மற்ற ஐந்தும் ஒன்றைவிட ஒன்று வெளுத்த சாம்பல். தொட்டிகளைக் கழுவி அதை ஊற்றினார். பளபளப்பில்லாத பருத்தித் தாள் அனுப்பினாள். அதில் எந்தப் பக்கம் அச்சுக்கு உரியது என்று தெரியாமல் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்த்து, ஒட்டிய பக்கம்தான் சரியான பக்கம் என்று கண்டுபிடித்தார். கம்ப்யூட்டரில் தாளின் வகையை மாற்றச் சொன்னாள், மாற்றினார். பாசி போயிற்று, பீட்ரூட்டும் போயிற்று. கறுப்பு மட்டும் வரவில்லை; வந்தது மழையில் நனைந்த அடுப்புக்கரி.

"திரையில கறுப்பா இருக்கே," என்றாள் ரெஜினா, எட்டிப் பார்த்து.

"திரைக்குப் பின்னால விளக்கு இருக்கு. தாளுக்குப் பின்னால என்ன இருக்கு, செவுருதான்."

ஒருநாள் உச்சிவேளையில், வாசல் வெளிச்சத்தில் மேசையை இழுத்துப் போட்டுக் கறுப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று குனிந்து பார்த்தார் இன்னாசி. அவருடைய நிழல் மேசைமேல் விழுந்தது. விழுந்த நிழல் அப்படியே நகர்ந்து, தலை முதலில், தோள் அடுத்து, வயிறு கொஞ்சம் சிரமப்பட்டு, கடைசியில் கால்கள், என்று சர்பத்தை உறிஞ்சியது போலத் தொட்டியின் வாய்க்குள் இறங்கிவிட்டது. அவர் மூடியைப் போட்டார். தரையைப் பார்த்தார். வெயில் அவர் காலடிவரை வந்து, எதிலும் தடுக்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ரெஜினா, என் நிழல் மைக்குள்ள விழுந்துட்டு."

"எடுக்க முடியாதா?"

"முடியாது போலிருக்கு."

"அப்ப சாப்பிட வாங்க. குழம்பு ஆறுது."

சாப்பிட்டு வந்து ஒரு படம் போட்டுப் பார்த்தார். உப்புக்குவியலுக்கு முன்னால் நிற்கும் எருமையின் படம். தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. எருமை அதில் எருமையாகவே இருந்தது, கையை வைத்தால் உள்ளே போய்விடும் போன்ற கறுப்பு, அந்தக் கறுப்புக்குள்ளேயும் முடி முடியாக, மடிப்பு மடிப்பாக வேறு வேறு கறுப்பு. இன்னாசி அதை எடுத்துக்கொண்டு மஸ்தானுடைய டீக்கடைக்குப் போனார்.

மஸ்தான் படத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அண்ணாச்சி, உங்க நிழலைக் காணோமே."

"மையில விழுந்துட்டு, பாய்."

"அப்படியா. சீனி எப்பவும் போலத்தானே?"

இரண்டாவது டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் வந்து எருமையைப் பார்த்தார்கள். நிழலில்லாதவரைப் பார்க்க வந்தவர்கள் குறைவு. எருமையைப் பார்த்துவிட்டு, எனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று சொன்னவர்கள்தான் அதிகம். பங்குச்சாமி மட்டும் சட்டப் புத்தகங்களை எல்லாம் புரட்டி, நிழலில்லாதவன் நற்கருணை வாங்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை என்று கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் முடிவில் அதைச் சொன்னார். ஆனால் பூசை நேரத்தில் யாரும் ஸ்டூடியோவில் போய் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். இதற்குள் இன்னாசியின் குதிகாலில் ஒரு சின்னக் கறை தோன்றியிருந்தது. அது நகம் போல வளர்ந்தது, அடுத்த அமாவாசைக்குள் முழங்காலைத் தாண்டிவிட்டது. நிழல் வெட்டினால் திரும்ப வளரும் என்று தெரிந்ததும் ஊரில் இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

முதலில் வந்தவள் உப்பளத்தில் வேலை பார்க்கும் மரியபாக்கியம். "எனக்குப் படம் வேணும், என் நிழல்லயே வேணும், அடுத்தவ நிழல்ல நான் எதுக்குத் தெரியணும்," என்றாள். அவள் நிழல் அவ்வளவு வெயிலில் வெந்து வெந்து டிக்காஷன் மாதிரி இறங்கியது. கறுப்புக்கு அடியில் ஒரு செம்மை. மை போதாமல் போகவில்லை, மிஞ்சியது. ஃபேன் காற்றிலேயே உட்கார்ந்திருந்த வங்கி அதிகாரியின் நிழல் நீலம் பாய்ந்து தண்ணீராக இருந்தது. அவரைப் படத்தில் பார்த்தவர்கள் காய்ச்சல் விட்டு எழுந்தவரா என்று கேட்டார்கள். சாயங்கால நிழல் நீளம்தான், ஆனால் சாரமில்லை. உச்சிவேளை நிழல் குட்டை, ஆனால் கெட்டி. இதையெல்லாம் இன்னாசி பழகிப் பழகிக் கண்டுகொண்டார். கெட்டி நிழலைக் கறுப்புத் தொட்டியில் விட்டு, அதிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கலந்து மற்ற ஐந்து சாம்பல்களையும் செய்துகொண்டார். பிள்ளைகளின் நிழலை மட்டும் எடுப்பதில்லை. அது துளையில் நிற்காமல் ஓடிவிடுகிறது என்றார்.

நிழல் கொடுத்தவர்கள் கொஞ்ச நாளைக்கு லேசாக நடந்தார்கள். காக்கைகள் அவர்களைச் சட்டை செய்யவில்லை. தட்டிலிருந்தே வடையைத் தூக்கிக்கொண்டு போயின. மதிய வேலையில் பாத்தியில் நிற்கும் பெண்கள், "இன்னைக்கு உனக்கு நிழல் இருக்கா? அப்ப குடத்தை உன் பக்கம் வைக்கேன்," என்று பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் கறுப்பா சிவப்பா என்று கேட்பதை விட்டுவிட்டு, நிழல் என்ன கறுப்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெளுத்த நிழல்காரர்கள் கூச்சத்தோடு மாலையில் கடற்கரையில் வெயில் காய்ந்தார்கள்.

குடும்பப் படம் போட ஆரம்பித்தபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டு பேர் படம் என்றால் இரண்டு நிழலையும் ஒரே தொட்டியில் விடவேண்டும் என்பது ஊர் தானாகவே வைத்துக்கொண்ட வழக்கம். வேலித் தகராறில் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அம்மா கேட்டாளே என்று வந்து நின்றார்கள். நிழல்கள் உள்ளே போயின. நாசில் செக் போட்டால் ஒரு கோடும் முழுதாக விழவில்லை. துளைகளைக் கழுவ இன்னாசி ஹெட் கிளீனிங் போட்டார். மிஷின் கர்ரென்று உறிஞ்சித் துப்பியது. மறுபடி பார்த்தால் மறுபடி அதே. தொட்டியை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே மை திரிந்து, தயிரும் தண்ணீருமாக நின்றது. "உங்களுக்குள்ள எதுவும் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. வேலியில் நின்ற வேப்பமரம். அதைப் பொதுவாக வைத்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே பேசி முடித்தார்கள். பேசி முடித்த நிமிஷம் தொட்டியில் இருந்த மை ஒன்றாகிவிட்டது, கோடுகள் வரிசையாக வந்து விழுந்தன.

அன்றிலிருந்து வெண்பாத்தியில் எதற்கும் முதலில் நாசில் செக். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் இரண்டு சம்பந்திகளையும் கூட்டிவந்து ஒரு தாள் போட்டுப் பார்த்தார்கள். கூட்டு வியாபாரத்துக்குப் பார்த்தார்கள். "அவங்களுக்குள்ள கோடு சரியில்ல" என்பது ஒரு பேச்சாகிவிட்டது. ஊராட்சி உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் போட வந்தார்கள். எல்லா நிழலையும் உள்ளே விட்டு அச்சுக்குக் கொடுத்தபோது தாள் போன மாதிரியே வெள்ளையாக வெளியே வந்தது. தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி, சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார்.

இன்னாசிக்கு இதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஸ்டூடியோ ஜன்னல் வழியாகத் தினமும் கஸ்பார் உப்பளத்துக்குப் போவதைப் பார்த்தார். அளத்து மேஸ்திரி அவன். காலை முதல் மாலைவரை தலையில் துண்டுகூடப் போடாமல் வரப்பில் நிற்கிறவன். அவன் நிழல் தரையில் விழுந்தால் அங்கே குழி இருக்கிறது என்று நினைத்து ஆடுகள் தாண்டிப் போகும். ஊரிலேயே பெரிய கறுப்பு, தன் ஜன்னலுக்கு வெளியே தினமும் நடந்து போகிறது, அதைக் கேட்கத் தன் வாயால் முடியாது. இன்னாசி ஜன்னலை மூடிவிடுவார். பிறகு திறந்து பார்ப்பார்.

கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க ஆரம்பித்ததும் ஜெசிந்தா ஊருக்கு வந்தாள். வந்த அன்றே அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் ஆல்பத்துக்கு உங்க நிழலும் மாமா நிழலும் வேணும்."

"என் நிழல் போதும். இப்பதான் முழுசா வளந்திருக்கு."

"தாய்மாமன் இல்லாம எங்கயாவது கல்யாணம் உண்டா? எல்லாப் பிள்ளைகளுக்கும் நீங்களே அப்படித்தான் போட்டுக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் ஒத்தை நிழலா?"

இன்னாசி எழுந்துபோய் ஜன்னலை மூடினார்.

"சரி. அப்ப நான் டவுன்ல கலர்ல போட்டுக்கிடுதேன். கரும்பச்சைப் பட்டு, செவப்புக் கார்ப்பெட்டு, பின்னால ரோஸ் பலூன். எல்லாம் வரும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் போய்த் தூங்கிவிட்டாள். இன்னாசிக்குத்தான் தூக்கம் போயிற்று. தன் ஒரே மகளின் கல்யாணம், தன் மிஷின் சும்மா இருக்க, யாரோ ஒருவன் கையில் ரோஸ் பலூனோடு வெளியே வருவதை நினைத்துப் பார்த்தார். பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு வாயைக் கோணிய கஸ்பாரையும் நினைத்துப் பார்த்தார். எது பெரியது என்று முடிவு செய்ய விடிந்துவிட்டது.

தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், அழைப்பிதழ் எல்லாம் வைத்து, ரெஜினாவைக் கூட்டிக்கொண்டு, கல்யாணமானதிலிருந்து மிதிக்காத வாசற்படியை மிதித்தார்.

"வாங்க," என்றான் கஸ்பார்.

"கல்யாணம் வச்சிருக்கு."

"தெரியும்."

"தாய்மாமன் நீதான்."

"அதுவும் தெரியும்."

"நிழல் வேணும்."

"தருதேன்."

திரும்பி வரும் வழியில் ரெஜினா, "இதுக்கு ரெண்டு பேரும் தந்தி அடிச்சிருக்கலாம்," என்றாள்.

சொன்னபடி உச்சிவேளைக்குக் கஸ்பார் வந்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. அவன் வருவதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். ஸ்டூடியோ ஜன்னலில் தலைக்கு மேல் தலை. மஸ்தான் டீத்தட்டோடு வந்து வாசலில் வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டார். வாசல் வெயிலில் தொட்டியை வைத்து, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றார்கள். நிழல்கள் நகர்ந்தன. தொட்டியின் வாய்க்கு வந்ததும் இரண்டும் நின்றுவிட்டன, யார் முதலில் போவது என்று. கொஞ்ச நேரம் பொறுத்து, தோளால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கின.

நாசில் செக் வெளியே வந்தது. வாளை மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் தட்டில் வைத்தது போல இருந்தது தாள்.

"நாங்கதான் பேசிட்டோமே," என்றார் இன்னாசி மிஷினிடம். ஹெட் கிளீனிங் போட்டார். அடுத்த தாளில் முள்ளும் இல்லை. மறுபடி போட்டார். தொட்டியில் மை கட்டி கட்டியாக ஒதுங்கி, இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றது. இப்படியே உறிஞ்சித் துப்பினால் கல்யாணத்துக்கு ஒரு படம் போடக்கூட மிஞ்சாது. ஜெசிந்தா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஃபோனோடு, டவுன் ஸ்டூடியோக்காரனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பங்குச்சாமி வந்தார், வேண்டுமானால் தீர்த்தம் தெளித்து மிஷினை மந்திரித்துத் தருகிறேன் என்றார்.

"சாமி, இதுக்குத் தண்ணி ஆகாது," என்றார் இன்னாசி.

ரெஜினாதான் உள்ளேயிருந்து வந்தாள், முறுக்குத் தட்டோடு. நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் வந்ததுலேருந்து மிஷின் மட்டும்தான் சத்தம் போடுது. உங்களுக்கு வாய் இல்லையா? என் காலத்துல ஒருதடவையாவது இந்தச் சண்டைய நேர்ல பாத்துட்டுப் போறேன். ஆரம்பிங்க."

இன்னாசி வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, கேக்கேன். எதுக்குல கண்ண மூடுன?"

"எப்போ?"

"எப்போவா. என் கல்யாணத்துல. கடைசிப் படம். எல்லாரும் தொறந்திருக்கான். நாய் தொறந்திருக்கு. நீ மட்டும் மூடியிருக்க."

கஸ்பார் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "அத்தான், அன்னைக்கு நீரு கால்ல என்ன போட்டிருந்தீரு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சொல்லும்."

"ஷூ. புது ஷூ. அடியில லாடம் அடிச்சது."

"விசையத் தட்டிவிட்டுட்டு மாடு மாதிரி ஓடி வந்தீரே, வந்து எங்க நின்னீரு? தரையிலயா? என் பெருவிரல் மேல. படம் எடுத்து முடியுத வரைக்கும் எறங்கல. நகம் பேந்து நான் ரெண்டு மாசம் நொண்டினேன். அதுக்குக் கண்ண மூடாம, உமக்குப் பல்லக் காட்டிட்டு நிக்கணுமோ?"

ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் இன்னாசியின் காலைப் பார்த்தன. அவரும் பார்த்துக்கொண்டார்.

"அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

"மிதிச்சவருதான் கேக்கணும் வே. மிதி வாங்குனவன் உம்ம வாசல்ல வந்து, அத்தான் நீரு என்னை மிதிச்சீரு, தயவுசெஞ்சு வருத்தப்படும்னு மனுவா குடுப்பான்? நானும் பாத்தேன், வருவீரு, கேப்பீருன்னு. உம்ம பிள்ளை ஞானஸ்நானம் வந்துச்சு, புதுநன்மை வந்துச்சு. நீரு வரல. என் கல்யாணத்துக்கு என்ன அனுப்புனீரு? வெறும் படச்சட்டம். உள்ள படமில்ல."

"நீதான் கண்ண மூடுத ஆளாச்சே, படம் வச்சு என்ன பிரயோசனம்னு வைக்கல."

"அந்தச் சட்டத்துல நான் என்ன வச்சிருக்கேன் தெரியுமா? என் ஆட்டைத்தான் வச்சிருக்கேன். உம்ம மூஞ்சி மாதிரி இருக்குன்னு."

முதலில் சிரித்தவள் ரெஜினா. அவள் சிரித்ததும் ஜெசிந்தா, பிறகு ஜன்னல் முழுவதும், மஸ்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பங்குச்சாமி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். கஸ்பாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெல்லக் குனிந்து, ஒரு கையை முழங்காலில் ஊன்றித் தரையில் உட்கார்ந்தார்.

"எந்தக் காலு?"

"வலது."

"செருப்பக் கழட்டு."

கஸ்பார் கழற்றினான். இன்னாசி அந்தப் பெருவிரலைக் கையில் பிடித்து, படத்தைப் பார்ப்பது போலவே வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகம் நடுவில் பிளந்து, ஒரு பக்கம் ஏறிக் கோணலாக முளைத்திருந்தது.

"கோணிப்போச்சே."

"போச்சு."

"வலிக்கா?"

"மழைக்கு முன்னால கொஞ்சம்."

இன்னாசி விரலைத் தரையில் மெதுவாக வைத்தார், உடையக்கூடிய சாமானை வைப்பது போல. பிறகு எழுந்துபோய், யாரிடமும் எதுவும் சொல்லாமல், நாசில் செக் போட்டார். மிஷின் தயங்கித் தயங்கித் தாளை இழுத்தது. தாள் வெளியே வர வர, கோடுகள் வந்தன. படிமேல் படியாக, முறியாமல், உப்பு வரப்புகள் போல வரிசையாக, இதுவரை ஊர் பார்க்காத கறுப்பில் வந்தன. கடைசி வரிசையில் ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு கோடு இல்லை.

எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள்.

"அது யாரோடது?" என்றாள் ஜெசிந்தா.

இன்னாசி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மிதிச்சது சரி. நான்தான் மிதிச்சிருக்கேன். ஆனா படம் விழுத ஒரு நொடி. அந்த ஒரு நொடி பல்லைக் கடிச்சுட்டுத் தொறந்து வச்சிருக்கலாம். நானா இருந்தா வச்சிருப்பேன்."

"ஒரு வார்த்தை," என்றான் கஸ்பார். "எறங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானா இருந்தா கேட்டிருப்பேன்."

"சரிதான், அந்தக் கோடு ரெண்டு பேரோடதுந்தான்," என்று சொல்லி ரெஜினா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணம் நடந்தது. நிழலில்லாத தகப்பனும் நிழலில்லாத தாய்மாமனும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள், வெயில் அவர்களைத் தாண்டிப் போய் மாப்பிள்ளை வீட்டார் மேல் விழுந்தது, அவர்கள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்கள். விருந்து முடிந்த மறுநாளே, மை காய்வதற்குள், இன்னாசி படங்களை அச்சுக்குக் கொடுத்தார். பருத்தித் தாளில் ஒவ்வொன்றாக வந்தன. மாப்பிள்ளையின் கோட்டு, ஜெசிந்தாவின் கூந்தல், கோயில் கதவுக்குப் பின்னால் இருந்த இருட்டு, எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு இருந்தது. தொட்டுப் பார்த்தவர்கள் விரலைப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் சேர்ந்து நின்ற படத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, இன்னாசிக்கும் கஸ்பாருக்கும் நடுவில், முடி அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கிட்டே வந்து பார்த்தால்தான் தெரியும்.

ஜெசிந்தா கிட்டே வந்து பார்த்தாள். "இன்னொரு கிளீனிங் போட்டா இதுவும் போயிடுமாப்பா?"

"போயிடும்."

"போடலையா?"

இன்னாசி படத்தைக் கைநீளத்தில் பிடித்துப் பார்த்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கஸ்பார் வந்திருந்தான், பாதி நடையிலேயே குரல் கொடுத்துக்கொண்டு. "அத்தான், கெழவனுக்கு வயசாகிட்டு, கையில நடுக்கம், கோடு விழுந்துட்டுன்னு ஊரெல்லாம் பேசுதாங்க. என்ன சொல்லுதீரு?"

"கேட்டியா," என்றார் இன்னாசி மகளிடம், தாழ்ந்த குரலில். "இதையும் எடுத்துட்டா இவன் எதைச் சாக்கு வச்சு நாளைக்கு வருவான்?"

மிஷினை அணைத்தார். கஸ்பாருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவன் காலை நீட்டிக்கொள்ளக் கொஞ்சம் தள்ளியே போட்டார், பிறகு சத்தமாகச் சொன்னார்.

"எவன்ல சொன்னது நடுக்கம்னு? உக்காரு. பேசித் தீப்போம்."